இரண்டாவது கட்டம்

துலூத் நகரில் பிப்ரவரி.
ஏரி இறுகிக் கிடக்கிறது,
கப்பல் வர இன்னும் ஐந்து வாரம் ஆகும்.
வந்தாலும் ஆர்விட்டுக்கு அங்கே வேலையில்லை.
முப்பத்தெட்டு வருடம் இரும்புத்தாது ஏற்றிய கை
ஒரு ஷூ பெட்டியைச் சுமந்து
மூன்றாம் மாடி ஏறுகிறது.
பின்னால் நான், மார்லிஸ்,
ஆஸ்பத்திரிச் சலவையறையில்
அடுத்தவர் படுக்கை விரிப்பை மடித்து மடித்தே
முட்டியைத் தேய்த்தவள்.

ஓஸ்ட்பி அம்மாள் கணக்குப் பார்ப்பவர்.
மூக்கு நுனியில் கண்ணாடி,
மேஜையில் பாதி தின்ற ரொட்டி.
பெட்டியைக் கவிழ்த்தோம்.
கொதிகலன் ரசீது, படகு விற்ற சீட்டு,
எந்தப் பூட்டுக்கென்றே தெரியாத ஒரு சாவி.

"அரசுப் பென்ஷன் இப்போதே வேண்டுமா,
எழுபது வரை பொறுப்பீர்களா?
பொறுத்தால் மாதத் தொகை கூடும்."

பொறுத்தார் பூமி ஆள்வார், சரி.
பொறுத்தவர் அதற்குள்
பூமிக்குள்ளேயே போய்விட்டால்?
ஆர்விட் சிரித்தார்.
அவர் அப்பா அறுபத்து நான்கில் போனார்,
அம்மா இன்னும் சீட்டாடுகிறாள்.
இருவரில் யாருடைய ரத்தம் இவருக்கு
என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை.

சேமிப்பை எடுத்தால் வரி.
எடுக்காமல் பொத்தி வைத்தாலோ
எழுபத்து மூன்றில் எடுத்தே தீரவேண்டும்,
அதற்கும் வரி.
"செத்த பிறகு?" என்றேன்.
"மாநிலம் கேட்கும்தான்.
ஆனால் அந்த உயரத்துக்கு
உங்கள் சொத்து எட்டாது, கவலை வேண்டாம்."
நிம்மதியாகவும் இருந்தது
கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

ஏரியிலே போட்டாலும் அளந்து போடு
என்கிற ஜாதி நாங்கள்.
அளந்துகொண்டே இருந்தோம்,
அந்த மஞ்சள் தாள் வரும் வரை.

துறைமுகக் கம்பெனி தந்த ஆயுள் காப்பீடு.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு.
பணம் பெறுபவர்: ரோக்சான்.
உறவு: மனைவி.

"உயிலில் என்ன எழுதினாலும்
இந்தத் தாள் சொல்வதுதான் நடக்கும்"
என்றார் ஓஸ்ட்பி அம்மாள்,
ரொட்டியை மெல்ல ஓரம் தள்ளி.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.
கையெழுத்தைப் பார்த்தேன்.
உருண்டை உருண்டையாய்ப் பெண் கை.
"அந்த வருஷம் என் மணிக்கட்டில் மாவுக்கட்டு,
அவள்தான் நிரப்பினாள்" என்றார் ஆர்விட்,
கூரையைப் பார்த்தபடி.

இருபத்தெட்டு வயது ஆண் ஒருவனின் சாவை
சமையலறை மேஜையில் உட்கார்ந்து
ஒருத்தி பயந்து பயந்து நிரப்பியிருக்கிறாள்.
நான் அவரைச் சந்திக்க
இன்னும் பதினாறு வருடம் இருந்தது.
அதுவரை அவர் உயிருக்கு
யார் பொறுப்பு என்று நினைத்தேன்?

புதுப் படிவம் வந்தது.
முதல் கட்டத்தில் என் பெயர்.
உறவு: மனைவி.
அதே சொல், என் கோணல் எழுத்தில்.

இரண்டாவது கட்டம்:
முதலாமவர் உயிருடன் இல்லையெனில்.
பிள்ளைகள் இல்லை எங்களுக்கு.
அவர் தம்பியோ கையில் கிடைத்ததைக்
குதிரைப் பந்தயத்துக்கு அனுப்புகிறவன்.
சுவர்க் கடிகாரம் மட்டும் பேசியது.

பாலத்துக்கு அப்பால் சுப்பீரியரில்
ரோக்சான் இப்போதும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
கடையில் பார்த்தால் தலையசைப்போம்,
ஒருமுறை முட்டை விலை பற்றிப் பேசினோம்.

ஆர்விட் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.
பேனா என் கையில் இருந்தது.
எழுதினேன்.

"உறவு?" என்றார் ஓஸ்ட்பி அம்மாள்.
"காலியாக விடக்கூடாது."

சாலையோரம் நிறுத்திய காருக்குப் போட்ட காசு
தீர்ந்துகொண்டிருந்தது.
அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடங்கும் சொல்லை
இருவரும் தேடினோம்,
யாருடையது என்றே தெரியாத அந்தச் சாவியை
மாறி மாறிக் கையில் எடுத்தபடி.